கஞ்சா வாசனையும் டெர்பீனும்: மதுரையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரஞ்சுத் தோல், கிராம்பு, எலுமிச்சைப்புல் என்று எதையாவது வாலையில் போட்டு வாசனை எண்ணெய் இறக்கிக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. முன்பெல்லாம் அந்த வகுப்பில் மல்லிகையைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது பையன்கள் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து கஞ்சாவைப் பற்றிக் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்கிறார்கள், கஞ்சா சட்டப்படி விற்கிற கனடாவில் பிள்ளை இருக்கிற உறவினர்கள் கேட்கிறார்கள். மழுப்பினால் தப்பான ஆளிடம் போய்க் கேட்பார்கள். அதனால் தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதி வைக்கிறேன்.

டெர்பீன்னா என்ன சார்? அதுதான் போதை தர்றதா?

இல்லை. டெர்பீன் என்பது செடிகளின் வாசனை எண்ணெயில் இருக்கிற ஒரு பெரிய குடும்பம். 5 கார்பனும் 8 ஹைட்ரஜனும் கொண்ட ஐசோபிரீன் என்ற அலகுதான் அதன் செங்கல். இரண்டு செங்கல் சேர்ந்தால் மோனோடெர்பீன், மூன்று சேர்ந்தால் செஸ்குவிடெர்பீன். இந்த ஒழுங்கைத் தெளிவாக்கியவர்களில் ஒருவரான லியோபோல்ட் ரூசிக்கா 1939இல் நோபல் பரிசு பெற்றார். பெயின்ட் கடையில் வாங்குகிற டர்பன்டைனில் இருந்துதான் டெர்பீன் என்ற பெயரே வந்தது.

கோயிலில் ஏற்றுகிற கற்பூரமும் இந்தக் குடும்பம்தான். அதற்குள் ஆக்சிஜன் சேர்ந்திருப்பதால் டெர்பினாய்டு என்போம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் டெர்பீன் என்றே சொல்லிவிடுகிறோம், இங்கேயும் அப்படியே. கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேறு பொருள். அதை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் தூய வடிவில் பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள்.

கஞ்சாவில மட்டும் இருக்கிற பொருளா இது?

அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் பாதிப் பேர் அங்கேயே இருப்பார்கள். மிளகிலும் கிராம்பிலும் கேரியோஃபிலீன். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல். ஏலக்காயில் சினியோல், அதுவேதான் யூகலிப்டஸ் தைலத்திலும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன். மாம்பழத்தில் மிர்சீன்.

பூக்கடைக்குப் போங்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரை மல்லி குண்டுமல்லி இனம். அந்த இனத்தின் மணத்தில் லினலூலும் ஃபார்னசீனும் உண்டு. அவற்றோடு டெர்பீனே அல்லாத பென்சைல் அசிட்டேட், இண்டோல் போன்றவையும் கலந்துதான் அந்த மணம் முழுமையாகிறது. சரத்தில் நடுநடுவே வைத்துக் கட்டுகிற மரிக்கொழுந்தில் டாவனோன். கஞ்சாச் செடியில் 150க்கும் மேற்பட்ட டெர்பீன்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் மூக்குக்குத் தெரிகிற அளவில் இருப்பவை மிர்சீன், லிமோனீன், பைனீன், கேரியோஃபிலீன், லினலூல், டெர்பினோலீன், ஹ்யூமுலீன் என்று ஒரு கை விரல்களுக்குச் சற்று மேல்தான். இவற்றில் ஒன்றுகூட கஞ்சாவுக்கு மட்டுமே சொந்தமானது இல்லை.

செடியில எந்த இடத்தில இருக்கு? எதுக்காக அது இதைத் தயாரிக்குது?

பெண் செடியின் பூக்கொத்தில், காளான் குடை மாதிரி நுனி உருண்ட மிக நுண்ணிய சுரப்பி மயிர்கள் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பனித்துளி ஒட்டியது போல இருக்கும். பிசுபிசுப்பும் வாசனையும் அங்கேதான். பூச்சியை விரட்ட, பூஞ்சையைத் தடுக்கத்தான் செடிகள் பொதுவாக இதைச் செய்கின்றன. துளசி இலையைக் கிள்ளினால் மணப்பதும் அதே ஏற்பாடு.

ரசமான விஷயம் ஒன்று உண்டு. ஜெரனைல் பைரோபாஸ்பேட் என்ற ஒரே மூலப்பொருளில் இருந்து ஒரு வழி மோனோடெர்பீனுக்குப் போகிறது, இன்னொரு வழி டிஎச்சிக்குப் போகிறது. அடுப்பு ஒன்று, மாவு ஒன்று, பலகாரம் இரண்டு. வாசனையையும் போதையையும் ஜனங்கள் ஒன்றாக நினைத்துக்கொள்வதற்கு இரண்டும் ஒரே சுரப்பியில் இருப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வாசம் தூக்கலா இருந்தா சரக்கு ஸ்ட்ராங்குன்னு சொல்றாய்ங்களே?

தப்பு. டிஎச்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனையே கிடையாது. அது எளிதில் ஆவியாகாது, ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. நன்றாக மணக்கிற செடியில் டிஎச்சி குறைவாகவும், வைக்கோல் மாதிரி வாடை அடிப்பதில் அதிகமாகவும் இருக்கலாம்.

காய்வதும் வாசனையைத் தின்றுவிடும். 1996இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். பச்சைப் பூவில் 0.29 சதவீதம் இருந்த எண்ணெய், ஒரு வாரத்தில் 0.20, ஒரு மாதத்தில் 0.16, மூன்று மாதத்தில் 0.13 என்று இறங்கியது. முதலில் ஓடிப்போவது சின்ன மூலக்கூறுகளான மோனோடெர்பீன்கள். கேரியோஃபிலீன் மாதிரி கனமானவை தங்கும். காலையில் வாங்கிய மல்லிகையை மறுநாள் மோந்து பார்த்தால் மணம் குறைவதோடு மணமே வேறாக மாறியிருக்கும் அல்லவா, அதற்கும் இப்படி ஒன்று முந்திப் போய் ஒன்று தங்குவது ஒரு காரணம்.

ஒரு ரகம் எலுமிச்சை மாதிரி, ஒண்ணு டீசல் மாதிரி, ஒண்ணு பழம் மாதிரின்னு சொல்றாங்க. நிஜமாவே அப்படி வித்தியாசம் இருக்குமா?

இருக்கும். கல்லாமைக்கும் இமாம் பசந்துக்கும் வாசனையில் வித்தியாசம் தெரியாத ஆள் நம்ம ஊரில் உண்டா? மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒன்றேதான், கலந்த விகிதம் வேறு. எந்த டெர்பீன் எவ்வளவு என்பதைச் செடியின் டெர்பீன் சிந்தேஸ் என்ற நொதிகள் தீர்மானிக்கின்றன. வெயில், தண்ணீர், அறுக்கும் பருவம் எல்லாம் அதைக் கொஞ்சம் அசைக்கும். ஒரே பெயரில் விற்கிற இரண்டு செடிகள் ஒரே வாசனை தராததும் இதனால்தான்.

ஆனால் கஞ்சாவின் அந்தக் குமட்டுகிற, அடுத்த தெரு வரை வருகிற வாடைக்கு டெர்பீன் காரணமில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வு அது கந்தகம் சேர்ந்த சில பொருட்களின் வேலை என்று காட்டியது. வெயிலில் வைத்த பீர் கெட்டுப்போய் நாறுவதும் அதில் ஒன்றால்தான். பூண்டின் காரம் கந்தகத்தால் வருவது உங்களுக்குத் தெரியும். கந்தக வாசனைகளுக்கு நம் மூக்கு அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. கடுகளவிலும் கடுகளவு போதும்.

இண்டிகா தூங்க வைக்கும், சாடிவா சுறுசுறுப்பு தரும். இதாவது உண்மையா?

சாடிவா என்ற பெயரை லின்னேயஸ் 1753இல் வைத்தார். இண்டிகா என்பது லாமார்க் 1785இல் இந்தியச் செடிக்கு வைத்த பெயர். செடியின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் பிற்பாடு விற்பனைக் குறியீடுகளாகிவிட்டன.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கிட்டத்தட்ட 300 மாதிரிகளின் மரபணுவையும் வேதிப்பொருட்களையும் ஒப்பிட்டார்கள். இண்டிகா, சாடிவா என்ற லேபிளுக்கும் மரபணுவுக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. ஆனால் சில டெர்பீன்களோடு தொடர்பு இருந்தது. இண்டிகா என்று பெயரிட்டவற்றில் மிர்சீன் அதிகம், சாடிவா என்றவற்றில் ஃபார்னசீனும் பெர்காமோட்டீனும் அதிகம். அதாவது வளர்க்கிறவர்கள் மோந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. மல்லியில் இருக்கிறது என்று மேலே சொன்ன அதே ஃபார்னசீன் குடும்பம்தான் இது. பூ வைத்த பெண்கள் யாருக்கும் அதனால் தனியாகச் சுறுசுறுப்பு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாம்பழம் சாப்பிட்டா மிர்சீன் ஏறி போதை கூடுமாமே? மிர்சீன் 0.5 சதவீதம் தாண்டினா ஆளை அசத்திடுமாமே?

சித்திரை வைகாசி வந்தால் இந்தக் கேள்வி தப்பாமல் வரும். இரண்டுக்குமே மனிதர்களிடம் செய்த நிரூபணம் எதுவும் இல்லை. 0.5 சதவீதம் என்ற எல்லை எங்கும் அளந்து கண்டது அல்ல, ஒருவர் சொல்லிப் பலர் திருப்பிச் சொன்னது.

மிர்சீனுக்கு உறக்கம் தரும் குணம் உண்டு என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது 2002இல் எலிகளிடம் செய்த சோதனை. தூக்க மருந்து கொடுத்த எலிகள் மிர்சீனும் கொடுத்தபோது கூடுதல் நேரம் தூங்கின. கொடுத்த அளவைப் பாருங்கள்: ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம். அதை அப்படியே 60 கிலோ மனிதருக்குப் பெருக்கினால் 12 கிராம். எலிக்கும் மனிதருக்கும் கணக்கு நேராகப் பொருந்தாது, சரி. இருந்தாலும் 0.5 சதவீதம் மிர்சீன் உள்ள ஒரு கிராம் பூவில் இருப்பது 5 மில்லிகிராம். எங்கே 12,000, எங்கே 5? என் மாணவர்களிடம் இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் அவர்களையே போடச் சொல்வேன். நாலு வரிதான், போட்டு முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும்.

அப்போ எல்லாம் சேர்ந்து வேலை செய்யுதுங்கிற 'என்டூராஜ் எஃபெக்ட்' சுத்தப் பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு மீறி நீட்டப்பட்ட கருத்து என்பேன். இந்தச் சொல்லை 1998இல் ஷிமோன் பென் ஷபாத்தும் மேலே சொன்ன மெக்கூலமும் சேர்ந்த குழு பயன்படுத்தியது நம் உடலே சுரக்கிற கன்னாபினாய்டு (டிஎச்சி சேர்ந்த குடும்பத்தின் பெயர்) போன்ற பொருட்களைப் பற்றி. தனியாக இருந்தால் சும்மா இருக்கும் துணைப் பொருட்கள், முக்கியப் பொருளின் வேலையைக் கூட்டுகின்றன என்று கண்டார்கள். 2011இல் ஈதன் ரூசோ என்ற நரம்பியல் மருத்துவர், கஞ்சாவின் டெர்பீன்களும் டிஎச்சியோடு இப்படிக் கைகோக்கலாம் என்று விரிவாக எழுதினார். அவர் எழுதியது 'இருக்கலாம்'. வியாபாரம் அதை 'இருக்கிறது' ஆக்கியது.

2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செல்களில் சோதித்தார்கள். மிர்சீன், லிமோனீன், லினலூல், பைனீன் முதலான ஆறு டெர்பீன்களைப் போட்டுப் பார்த்தும், டிஎச்சி தன் ஏற்பியில், அதாவது செல்லில் அது சாவி மாதிரி போய்ப் பொருந்துகிற பூட்டில், செய்கிற வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஏற்பி ஒன்றுதான் வழியா? 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் 20 பேருக்கு டிஎச்சியைத் தனியாகவும் லிமோனீனோடு சேர்த்தும் ஆவியாகக் கொடுத்தார்கள். 30 மில்லிகிராம் டிஎச்சியோடு 15 மில்லிகிராம் லிமோனீன் சேர்ந்தபோது பதற்றமும் பயமும் குறைந்தன. போதை, இதயத்துடிப்பு போன்ற மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. மனிதர்களிடம் இப்படி ஒழுங்காகச் செய்த சோதனைகள் மிகக் குறைவு என்பதால் இதை நான் மதிக்கிறேன்.

அதே சமயம் மேலே போட்ட கணக்கை இங்கேயும் போடுங்கள். 1996இல் அளந்ததை விட இப்போது விற்கிற ரகங்களில் அதிகம்: காய்ந்த பூவில் மொத்த டெர்பீன் பொதுவாக 1 முதல் 3 சதவீதம். லிமோனீன் மட்டும் 0.3 சதவீதம் என்று வைத்தால் ஒரு கிராமில் 3 மில்லிகிராம். சோதனையில் வேலை செய்தது 15. அதுவும் எரிக்கும்போது ஒரு பகுதி சிதைந்து போகும்.

லாவண்டர் வாசனை மோந்தா மனசு அமைதியாகுதே, அது மட்டும் எப்படி?

மூக்கின் வழியாக. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் 2018இல் எலிகளுக்கு லினலூல் வாசனை காட்டினார்கள், பதற்றம் குறைந்தது. மோப்பத்தை அழித்த எலிகளுக்கு அதே வாசனை பயன் தரவில்லை. அதாவது ரத்தத்தில் போய்ச் செய்த வேலை இல்லை, மோப்ப நரம்பு செய்த வேலை. மனிதரிடம் இதோடு நினைவும் சேர்கிறது. எனக்கு நெரிசலிலும் மல்லிகை வாசம் வந்தால் மனம் இளகும். அம்மா தலையில் இருந்த வாசம் அது. ஒரு ரகத்தின் வாசனை ஒருவருக்கு இதம் தந்தது என்றால் அந்த அனுபவம் பொய் இல்லை. அது எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்பதுதான் பொய்.

போதை தலைக்கேறிப் போச்சுன்னா நாலு மிளகைக் கடிச்சா தெளியும்னு சொல்றாங்களே?

இதற்குள் ஒரு நிஜமான வேதியியல் ஒளிந்திருக்கிறது. மிளகின் கேரியோஃபிலீன், நம் உடலின் சிபி2 என்ற கன்னாபினாய்டு ஏற்பியில் போய் ஒட்டும் என்று 2008இல் கண்டார்கள். டெர்பீன்களில் இது அபூர்வம். ஆனால் போதை சிபி1 ஏற்பியின் விவகாரம். சிபி2 பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருப்பது. மிளகு போதையைத் தெளிவிக்கும் என்று காட்டிய மருத்துவச் சோதனை இல்லை.

நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பது, கண்டபடி பயப்படுவது என்றால் மிளகைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். என்ன எடுத்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வேப் பேனாவில 'இயற்கை டெர்பீன்'னு போட்டிருக்கு. இயற்கைன்னா ஆபத்து இல்லைதானே?

வேப் பேனா என்பது எண்ணெயைச் சூடான கம்பியில் ஆவியாக்கி உறிஞ்சுகிற கருவி. சாப்பாட்டில் கெடுதல் செய்யாத பொருள் அந்தச் சுட்ட கம்பியில் பட்டு நுரையீரலுக்குப் போகும்போது வேறு பொருளாகிவிடும். 2017இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெர்பீனை மிகுந்த சூட்டில் ஆவியாக்கிப் பார்த்தார்கள். மெத்தாக்ரோலீனும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் வந்தன. 2019இல் தொடங்கி அடுத்த பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் வேப் பிடித்து நுரையீரல் கெட்டு 2,800க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதில் முக்கியக் குற்றவாளி டிஎச்சி எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட். அதுவும் முகத்துக்குப் பூசுகிற கிரீமில் இருக்கிற, தொட்டால் ஒன்றும் செய்யாத பொருள்தான். இந்தியாவில் இ-சிகரெட்டே 2019இல் தடை செய்யப்பட்டுவிட்டது.

சார், என் பையன் சட்டையில ஒரு வாடை வருது. அது கஞ்சாவான்னு நீங்க மோந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

ஒரு தகப்பனார் உண்மையிலேயே சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். பையை மேசையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல் அதன் மேலேயே வைத்திருந்தார். நான் பையைத் திறக்கவில்லை. மோப்ப நாய்க்குக் கேரியோஃபிலீன் ஆக்சைடு போன்ற பொருளை அடையாளம் காணப் பழக்க முடியும். என் மூக்குக்கு அந்தப் பழக்கமும் இல்லை, அந்த அதிகாரமும் இல்லை. முதல் கேள்விகளில் சொன்ன மாதிரி இந்த மூலக்கூறுகள் மிளகிலும் உண்டு, பாடி ஸ்பிரேயிலும் உண்டு. வாசனையை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு, பிள்ளையோடு ராத்திரி சாப்பிட உட்காருங்கள். தூக்கம், படிப்பு, கூட்டாளிகள், காசு இவற்றில் மாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பதின்வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் டிஎச்சி படிவது நினைவாற்றலுக்கும் மனநலத்துக்கும் கெடுதல், வீட்டில் மனநோய் வரலாறு இருந்தால் இன்னும் கூடுதல் ஆபத்து. உதவி வேண்டுமென்றால் போதை மீட்புக்கான 14446, மனநலத்துக்கான 14416 இரண்டுமே கட்டணமில்லாத அரசு எண்கள்.

சட்டம் என்ன சொல்லுது? டெர்பீன் வாங்கினா கேஸ் போடுவாங்களா?

ஆரஞ்சில் இருந்து எடுத்த லிமோனீன் சோப்பிலும் ஊதுபத்தியிலும் போகிற சரக்கு, அதற்கு வழக்கு இல்லை. கஞ்சா வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, ஒரு கிலோ வரை 'சிறு அளவு' என்றாலும் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ வரும். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 ஆண்டு. சிறு அளவு என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி மாட்டிக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கடைசியா ஒண்ணு சார். லாவண்டர்ல எடுத்த லினலூலும் கஞ்சாவில இருக்கிற லினலூலும் ஒரே சரக்குதானா?

இதைக் கேட்கிற மாணவரை நான் விடவே மாட்டேன். சூத்திரம் ஒன்றுதான். ஆனால் இடது கையும் வலது கையும் போல, கண்ணாடி பிம்பமாக இரண்டு வடிவங்கள் உண்டு. லாவண்டரில் பெரும்பாலும் ஒன்று, கொத்தமல்லி விதையில் பெரும்பாலும் மற்றது. உடலின் ஏற்பிகள் கையுறை மாதிரி, இடது கையுறையில் வலது கை சரியாக நுழையாது. எனவே 'லினலூல்' என்று மட்டும் எழுதிய லேபிளும், எந்த வடிவம் என்று சொல்லாத விளைவுப் பட்டியலும் பாதித் தகவல்தான்.

நம்ப முடியவில்லை என்றால் இதே குடும்பத்தைச் சேர்ந்த கார்வோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வடிவம் புதினாவில், அதன் பிம்பம் சதகுப்பையில். நாட்டு மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குச் சதகுப்பை வாங்கி, உள்ளங்கையில் தேய்த்து ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மறு கையில் புதினா இலையைக் கசக்குங்கள். கண்ணை மூடி மாற்றி மாற்றி மோந்து பாருங்கள்.